டாரட் பிறந்தது எகிப்தில் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

பலன் சொல்லப் பயன்படுத்தும் டாரட் சீட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலன் பார்ப்பவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, ஆனால் எகிப்தியப் பூசாரிகள் காத்துவந்த ரகசிய ஞானம் என்று அதை வரலாறாகவே எழுதிவிட்டால் எப்படி?

டாரட் வட இத்தாலியில் தோன்றிய சீட்டாட்டம். அங்குள்ள ஃபெராரா நகரத்து அரண்மனைக் கணக்கில் 1442இலேயே இந்தக் கட்டுகளுக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. மொத்தம் 78 சீட்டு: நான்கு வகையில் 56, மேலே 21 படச் சீட்டுகள், அப்புறம் ஒரு கோமாளி. 28, 304 என்ற சீட்டாட்டங்களை ஆடுகிற நம் ஆட்களுக்குத் துருப்பு, அதாவது மற்ற வகைச் சீட்டுகளை வெட்டும் சீட்டு, என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. டாரட்டில் அந்த 21 படங்களும் நிரந்தரத் துருப்பு, அவ்வளவுதான். எல்லாரும் பயப்படுகிற 13ஆம் எண் மரணச் சீட்டு, ஆட்டத்தில் 12ஐ வெட்டும், 14இடம் தோற்கும்.

எகிப்துக் கதையைக் கிளப்பியவர் பாரிஸில் இருந்த எழுத்தாளர் கூர் த ஜெபலன், 1781இல். எகிப்திய எழுத்தை அன்று யாராலும் படிக்கவே முடியாது, பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் அதை வாசித்துக் காட்டியதே 1822இல்தான். பலன் சொல்வது பெரிதாகப் பரவியதும் ஜெபலனுக்குப் பிறகுதான். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் ஒரு தடித்த புத்தகமே போட்டு இந்த ஆட்டத்தின் வரலாற்றை விளக்கியிருக்கிறார், கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் இதை உட்கார்ந்து ஆடுகிறார்கள். பிரெஞ்சு முறையில் 1ஆம் எண் துருப்புதான் இருப்பதிலேயே சின்னது, ஆனால் அதற்குப் புள்ளி அதிகம். கையில் வைத்திருப்பவர் அதைக் காப்பாற்றத் தவிப்பார், எதிராளிகள் பெரிய துருப்புகளை வரிசையாக இறக்கி அதை வெளியே இழுக்கப் பார்ப்பார்கள், கடைசிச் சுற்றுவரை வைத்திருந்து அதிலேயே ஜெயித்துவிட்டால் தனியாகப் போனஸ் வேறு. இப்படி ஒரு அருமையான ஆட்டம் இருப்பதே நம் வாசகர்களுக்குத் தெரியாமல் போவது நியாயமா?

தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அதோடு பிரெஞ்சு முறையின் ஆட்ட விதிகளையும் ஒரு பக்கத்துக்குப் போடுங்கள், 28 தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சீட்டாட்டப் பிரியரான ஒரு வாசகர்