காணி உறுதியும் கைவிடப்பட்ட ஒப்பந்தமும்

அன்புள்ள மருமகளுக்கு,

சட்டப் படிப்பு முடிந்ததும் அரசியலுக்கு வர விருப்பம் என்று சென்ற கிழமை நீ சொன்னபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அதே மூச்சில், தந்தை செல்வா ஒப்பந்தம் எழுதியே ஏமாந்தவர் என்றும் சொன்னாய். தொலைபேசியில் பேசி முடிக்கிற விடயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தவர், இலங்கைத் தமிழர் தந்தை செல்வா என்று அழைக்கும் செல்வநாயகம். விஞ்ஞானம் படித்து, சில காலம் ஆசிரியராக இருந்து, பிறகுதான் அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர், ஆனார். தணிந்த குரல்காரர், பெயரெடுத்ததெல்லாம் குடியியல் வழக்குகளில், மன்னரின் வழக்கறிஞர் எனும் கே.சி. தகுதி பெறும் அளவுக்கு. உன் அம்மம்மா காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, துணியில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில், கூறைச் சேலைக்கும் கீழே வைத்திருந்ததும், இடம்பெயர்ந்த அன்று முதலில் அதையே கையில் எடுத்ததும் உனக்குத் தெரியும். எழுதிக் கையெழுத்திட்ட தாளுக்கு நம்மவர் கொடுக்கும் அந்த மதிப்பையே தொழிலாகக் கொண்டு கால் நூற்றாண்டு வாழ்ந்த மனிதர், 1947இல் காங்கேசன்துறையின் உறுப்பினராக நாடாளுமன்றம் போனார்.

போன மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. பல இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அந்தச் சட்டத்தை அவர் எதிர்த்தார். அவர்களில் ஒருவரும் அவருக்கு வாக்களித்தவர் இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். தமிழ்க் காங்கிரசின் தலைவர் அமைச்சரவையில் சேர்ந்த பின் அக்கட்சியை விட்டு விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் தன் ஆசனத்தையே இழந்தார். 1956இல் மீண்டும் வென்றார்.

1957 ஜூலை 26இல் சுதந்திரக் கட்சித் தலைவரான பிரதமர் பண்டாரநாயக்காவோடு செய்த ஒப்பந்தத்தில், சமஷ்டிக் (கூட்டாட்சி) கோரிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, பிராந்திய சபைகளுக்கும் வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடப்பதற்கும் இணங்கினார். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் அதை எதிர்த்துப் பிரதமரின் வீட்டு முன் அமர்ந்ததும் அது கைவிடப்பட்டது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தத்தின் மாவட்ட சபைகளும் 1968இல் கைவிடப்பட்டன. இரண்டாம் முறை அவர் மூன்று ஆண்டு பொறுத்திருந்தது அதிகம் என்பதே என் எண்ணமும். ஆனாலும், உறுதி எழுதிக் கொடுத்தவன் காணியை விட மறுத்தால் உறுதி செல்லாததாகிவிடுமா? தமிழர் கேட்டது நியாயம் என்று இரண்டு பெருங்கட்சிகளின் தலைவர்களும் தம் கையால் ஒப்பமிட்ட சாட்சி நமக்குக் கிடைத்தது அவரால்தான். இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக்காட்டி வாதாடுகிறோம்.

1972இல் புதிய அரசியலமைப்பு, அதுவரை நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பையும் எடுத்துவிட்டது. அந்த ஒக்டோபரில் அவர் பதவியைத் துறந்து, தமிழர் அதை ஏற்கிறார்களா என்பதை வாக்காளரே தீர்க்கட்டும் என்றார். அரசு இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி 6 வரை இழுத்தடித்தது. பார்க்கின்சன் நோயில் உடல் தளர்ந்து, காதும் கேளாத எழுபத்தாறு வயதுக்காரர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்து, 16,000க்கும் அதிகமான வாக்குகளால் வென்றார். மறு ஆண்டு, தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரலில் மறைவு.

விடுமுறைக்கு வரும்போது 1957 ஒப்பந்தத்தின் பிரதியை எடுத்து வைக்கிறேன். காணியும் குடியேற்றமும் பற்றிய பகுதியைச் சட்டம் படித்த கண்ணோடு வாசித்து, எந்த வரியை இன்னும் இறுக்கி எழுதியிருக்கலாம் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
மாமா