மசோதாவைத் திருப்பி அனுப்பட்டும், இழுப்பறையில் போட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடியரசுத் தலைவரின் வீட்டோ அதிகாரம், அதாவது மசோதாவுக்கு ஒப்புதல் தராமல் தடுக்கும் அதிகாரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவில் கையெழுத்துப் போடாமல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் நிறுத்திவைத்ததை ஜனநாயகத்தைக் காத்த செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மசோதா சட்டமாகாமல் போனதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் நிறுத்திய விதத்தை நம்மால் பாராட்ட முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆர்.எம்.எஸ்ஸில் (ரயில்வே தபால் பிரிவில்) சார்ட்டிங், அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடிதங்களை உடைத்துப் படிக்க அரசுக்கு 1898-ஆம் ஆண்டு சட்டத்திலேயே இடம் இருந்தது, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்று வந்தால் மட்டும். அந்தக் காரணங்களை இன்னும் அகலமாக்கத்தான் ராஜீவ் காந்தி அரசு அந்த மசோதாவைக் கொண்டுவந்தது. துபாயிலிருந்து கணவன் எழுதுவதும், பட்டாளத்திலிருந்து பிள்ளை எழுதுவதும் கட்டுக்கட்டாக எங்கள் கை வழியாகத்தான் போகும். அதைப் பிரிக்கும் உரிமையை அரசுக்கு இவ்வளவு தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

சரி, ஜெயில் சிங் என்ன செய்தார்? அரசியல் சாசனத்தின் 111-ஆவது பிரிவு அவருக்கு வழி காட்டியிருந்தது. ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், பண மசோதாவாக இல்லாவிட்டால் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். இதில் எதையும் அவர் செய்யவில்லை. எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லாததால் மசோதாவை அப்படியே வைத்துக்கொண்டார், 1987-இல் பதவி முடிந்து போய்விட்டார். அடுத்து வந்த நம் ஆர். வெங்கட்ராமன்தான் அதை முறையாகத் திருப்பி அனுப்பினார். புதிதாக வந்த தேசிய முன்னணி அரசு அதைத் தொடரவில்லை, கடைசியில் 2002-இல் வாஜ்பாய் காலத்தில் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள்.

ஜெயில் சிங் பதில் சொல்லாமல் வைத்துக்கொண்டதைத்தான் பாக்கெட் வீட்டோ என்று பாராட்டுகிறோம். அதனால் நடந்தது என்ன? கடிதத்தைப் பிரிப்பது ஏன் தப்பு என்று நாட்டின் முதல் குடிமகன் அப்போதே எழுத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் அது நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டிருக்கும், உறுப்பினர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும், ஜனங்களும் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அது நடக்கவில்லை. 2023 டிசம்பரில் புதிய அஞ்சல் சட்டம் வந்தது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவசரநிலை என்று பல காரணங்களுக்காகத் தபாலை இடைமறிக்கும் அதிகாரம் அதிலும் இருக்கிறது. 146 எதிர்க்கட்சி எம்.பி.க்களைச் சஸ்பெண்ட் செய்த அதே கூட்டத்தொடரில் நிறைவேறி, அதே மாதமே ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஒரு ஜனாதிபதி இழுப்பறையில் வைத்துத் தடுத்ததை முப்பத்தேழு வருஷம் கழித்து இன்னொரு ஜனாதிபதி கையெழுத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் தடுத்தபோது என்ன ஆட்சேபணை என்று பதிவாகியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒன்று சொல்கிறேன். தபால் பையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரை உடைந்த பை கைக்கு வந்தால் அதைச் சும்மா எடுத்து வைக்க முடியாது, எந்த ஆபீஸ் பை, என்ன நிலையில் வந்தது, யார் பார்த்தது என்று அப்போதே எழுதியாக வேண்டும். கடைநிலை ஊழியனுக்கு இந்தக் கட்டாயம் இருக்கிறபோது, கோடிக்கணக்கான பேரின் பிரதிநிதிகள் நிறைவேற்றிய மசோதாவை நிறுத்திவைப்பவருக்கு ஏன் இருக்கக் கூடாது?

அமெரிக்காவில் மசோதா மேசைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, பத்து நாளுக்குள் அதிபர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், காங்கிரஸ் என்கிற அவர்கள் நாடாளுமன்றம் நடந்துகொண்டிருக்கும் பட்சத்தில், அது தானாகவே சட்டமாகிவிடும். வேண்டாம் என்றால் காரணத்தை எழுதி, மசோதா புறப்பட்ட அவைக்கே அனுப்ப வேண்டும், இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் அவர் வீட்டோவைத் தள்ளிவிடலாம். 1973-இல் அதிபரின் போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தில் அதிபர் நிக்சனின் வீட்டோ அப்படித்தான் செல்லாமல் போனது. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. 2019-இல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் இரு அவைகளிலும் நிறைவேறியும் அவர் வீட்டோ போட்டார், பிரதிநிதிகள் சபையில் 248-க்கு 181 என்று ஓட்டு விழுந்தும் மூன்றில் இரண்டு பங்கு வராததால் வீட்டோ நின்றுவிட்டது. தன் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தைத் தானே தடுக்கலாம் என்பது பெரிய ஓட்டைதான். ஆனாலும் யார் தடுத்தார், ஏன் தடுத்தார், எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது ஊருக்கே தெரிந்தது.

நமக்கு அது தெரிகிறதா? நீட் விலக்குக்காகத் தமிழகச் சட்டமன்றம் 2017 பிப்ரவரியில் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களுக்கு அந்த வருஷமே ஒப்புதல் மறுத்துவிட்டார்கள் என்ற செய்தி, 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள்! 2021-இல் மறுபடி ஒரு மசோதா நிறைவேற்றினோம். ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் சிறப்புக் கூட்டம் போட்டு மீண்டும் நிறைவேற்றினோம், டெல்லிக்குப் போனது, அதுவும் நிராகரிக்கப்பட்டது என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். பதிலுக்கு மூன்று வருஷம் காத்திருக்க வைப்பதை எந்தக் கருத்துக்காரரும் ஏற்கக் கூடாது.

மாநில மசோதாக்கள் ஜனாதிபதியிடம் போனால் என்ன ஆகும் என்று சொல்லும் 201-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஜனாதிபதி திருப்பி அனுப்பச் சொன்னால் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கெடு இருக்கிறது. ஜனாதிபதிக்குக் கெடு இல்லை. மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு நியாயம், மேலே இருப்பவருக்கு ஒரு நியாயமா?

2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஜனாதிபதிக்கு மூன்று மாதக் கெடு வைத்தபோது நிம்மதியாக இருந்தது. அந்தக் கெடுவும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, உள்துறை அமைச்சகமே 2016-இல் வெளியிட்ட குறிப்பில் இருந்ததுதான். ஆனால் அதே வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டது. அப்படியானால் இனி நாடாளுமன்றம்தான் சாசனத்தைத் திருத்தி 111, ஆளுநரைப் பற்றிய 200, 201 மூன்று பிரிவுகளிலும் நாள் கணக்கை எழுத வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதையும் சேர்த்து.

ஒப்புதல் மறுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. எம்.பி.க்கள் அரசிடம் ஆதாயம் தரும் பதவி வகித்தாலும் பதவி இழக்காமல் விலக்கு தரும் ஆதாயப் பதவி மசோதாவை 2006 மே மாதம் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், வெளிப்படையாக. நாடாளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றியது, ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார். அவர் ஆட்சேபணை ஜெயிக்கவில்லைதான், ஆனால் ஆதாயப் பதவி என்றால் எது என்று ஆராய ஒரு கூட்டுக் குழு போட வேண்டிய நிலை வந்ததே. உங்கள் கட்டுரையில் பாராட்ட வேண்டியவர் அவர்தான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் இருக்கிற தமிழக மசோதாக்களை, எந்தத் தேதியில் நிறைவேறியது, எந்தத் தேதியில் போனது, இன்றோடு எத்தனை நாள் என்று மாதம் ஒரு முறை பட்டியலாக உங்கள் பத்திரிகையில் போடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ் ஊழியர்,
திருச்சி