பரு ஜெல்லில் பென்சீன்: இரண்டாம் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பென்சாயில் பெராக்சைடு ஜெல்லின் பென்சீன் சோதனை முடிவு கேட்டு

ஐயா / அம்மா,

போன மாதம் உங்கள் பரு ஜெல் இரண்டு டியூப் ஆன்லைனில் வாங்கினேன். பார்சலைப் பிரித்தபோது டியூப்கள் கை பொறுக்காத சூட்டில் இருந்தன. ஒன்றின் மூடியைத் திறந்தேன். அமுக்காமலேயே ஜெல் பொங்கி விரலில் வழிந்தது. '25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது' என்று டியூபின் அடியில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க நான் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. பார்சல் வண்டிக்காரர் படித்திருப்பாரா?

இந்த ஜெல்லில் பென்சீன் இருக்கிறதா என்று கேட்டு நான் எழுதிய முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில்: 'எங்கள் தயாரிப்பில் பென்சீன் சேர்க்கப்படுவதில்லை.' கூடவே மூலப்பொருள் பட்டியல். நீங்கள் சேர்த்ததாக நான் சொல்லவே இல்லையே! உங்கள் ஜெல்லில் இருக்கும் பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்தால் பென்சீன் தானாக உண்டாகும். அது எந்தப் பட்டியலிலும் வராது. 2024 மார்ச்சில் வாலிஷூர் என்ற அமெரிக்கத் தனியார் ஆய்வகம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் மனு கொடுத்ததிலிருந்து இது ஊரறிந்த செய்தி. பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. வேறு வழியே இல்லாமல் அதைப் பயன்படுத்தும் மருந்துக்கே பத்து லட்சத்தில் 2 பங்குதான் வரம்பு. என் மகள் இந்த ஜெல்லைத் தினமும் ராத்திரி முகத்தில் தடவிக்கொண்டு தூங்குகிறாள்.

எல்லா பரு மருந்தும் விஷம் என்று நான் சொல்லவரவில்லை. அதே நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. 90 சதவீதத்துக்கும் மேல் பென்சீன் தென்படவே இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. சிலவற்றை மட்டும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உங்கள் ஜெல் இதில் எந்தப் பக்கம்? அதைத்தான் கேட்கிறேன்.

என் டியூபின் பேட்ச்சுக்கு உரிய சோதனை அறிக்கை வேண்டும். அதில் தேதி இருக்க வேண்டும். ஆலையிலிருந்து வந்த அன்றைய முடிவு மட்டும் எனக்குப் போதாது, சூட்டில் சில வாரம் வைத்து எடுத்த முடிவும் தேவை. இன்னொன்று: மாதிரியைக் குப்பியில் அடைத்துச் சூடாக்கி, எழும் ஆவியை, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவியில் விடும்போது சூடு கூடிப்போனால், குப்பிக்குள்ளேயே பெராக்சைடு உடைந்து பென்சீன் உண்டாகிவிடும். ஆரம்பத்தில் இல்லாததும் இருப்பதாகக் காட்டும். நாளை ஒரு ஆய்வகம் கூடுதலாகக் காட்டினால் நீங்கள் சொல்லப்போகும் சாக்கும் அதுவாகத்தான் இருக்கும். அதனால் எத்தனை டிகிரியில் சோதித்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

15 நாளுக்குள் அறிக்கை வராவிட்டால் இரண்டு டியூபின் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். திறக்காத டியூப் பில்லோடு என் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்பினால், பேட்ச் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்