சத்திர வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் போகும் பழைய சாலைச் சத்திரங்களின் வரலாற்றுத் தொகுப்பு நிறைவடைந்துவிட்டது. அதற்காக உழைத்த ஒவ்வொருவருக்கும் இந்த மடல்.

கல்வெட்டுகளைத் துலக்கிய இளைஞர்களுக்கு முதல் நன்றி. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை அடைத்திருந்தது. இரும்பு பட்டால் எழுத்தின் விளிம்பு உதிரும். நீங்களோ தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மூங்கில் குச்சியாலும் நார்த் தூரிகையாலும் மட்டுமே எடுத்தீர்கள். கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி மைப்படி எடுக்கும்போதும் அதே பொறுமை. நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டி, அரை ஈரத்தில் மை ஒற்றினீர்கள். ஈரம் கூடினால் மை கசிந்து எழுத்து மூடிவிடும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். தேய்ந்த வரிகளுக்காக இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தவர்களையும் மறக்க முடியாது. பகலில் வெறும் கல்லாக இருந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வந்தது!

மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ள ஆவணங்களைப் படித்துச் சொன்ன பெரியவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மோடியில், எழுத்துகளின் மேலே ஓடும் தலைக்கோட்டை முதலில் இழுத்துவிட்டு, சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதிக்கொண்டே போவார்கள். எங்கே பிரிப்பது என்பதிலேயே பாதிப் பிழை வரும். காலக்கணக்கிலும் வழி காட்டினீர்கள்: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் ‘துன்மதி’ என்ற ஆண்டுப்பெயர் மட்டும் இருந்தால் 1801 ஆகவும் இருக்கலாம், 1861 ஆகவும் இருக்கலாம்; உடன் சக ஆண்டு (பழைய இந்திய ஆண்டுக்கணக்கு) 1723 இருந்தால் 78 கூட்டி 1801 என்று உறுதி செய்யலாம்.

ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தின் கதையைச் சொன்ன பாட்டிமார்களே, உங்களை வணங்குகிறோம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரிய முத்தம்பாள், உயிர் பிரியும் வேளையில் தன் பெயரில் சத்திரம் கட்டச் சொன்னாள் என்ற அந்தக் கதையை, செவிவழிச் செய்தி என்றே குறித்து, ஒரு சொல்லும் மாற்றாமல் சேர்த்திருக்கிறோம். கதையை வரலாறாக்கினால் இரண்டுமே கெடும்.

1801இல் சரபோஜி, தஞ்சை அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தைத் தேடித் தந்தவருக்குத் தனி நன்றி. வழிப்போக்கர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மசாலாவும் உண்டு, நள்ளிரவில் மணியடித்து ‘சாப்பிடாதவர் வாருங்கள்’ என்று கூவி அழைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. தொகுப்பின் முதல் பக்கத்தில் அந்த மணியைத்தான் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்