பொன்னியின் செல்வனை அச்சிடும் பதிப்பாளர்களுக்கு, மூன்றாம் பாகம் முடித்த ஒரு வாசகியின் மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். கல்கியின் சோழர் காலத்து நாவலான 'பொன்னியின் செல்வ'னில் மூன்றாம் பாகமான 'கொலை வாள்' நேற்று ராத்திரிதான் முடிந்தது. அடுத்த பாகமான 'மணிமகுடம்' பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் திறக்கும் முன் உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன். அடுத்த பதிப்பில், ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நாலைந்து பக்கம் ஒதுக்கி, அதுவரை வந்ததில் எது சரித்திரம், எது கல்கியின் கற்பனை என்று குறிப்புப் போடுங்கள். ஒரு வரைபடமும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக் கேட்கத் தோன்றியது, நாகப்பட்டினத்துப் பக்கத்து ஊரான ஆனைமங்கலத்தில் நடக்கும் கட்டத்தைப் படித்தபோது. கதையில் இளவரசர் அருள்மொழிவர்மர் விஷசுரத்தோடு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்குக் கொண்டுவரப்படுகிறார். பிக்ஷுக்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சுரம் தெளிந்ததும் அக்கா குந்தவையும் தம்பியும் நந்தி மண்டபத்தில் சந்தித்துப் பேசுகிறார்கள். நாட்டில் ஆளுக்கு ஒரு சூழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது, இந்த இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் முழுசாக நம்பிப் பேசுவதைப் படிக்க மனசு நிறைந்துபோனது. ஐந்து பாகத்தில் எனக்கு இன்னும் இரண்டு பாக்கி. ஆனாலும் இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன் என்று இப்போதே தெரிகிறது.

அப்புறம் ஆனைமங்கலத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். நாகப்பட்டினத்து விகாரத்தை எழுப்பியவர்கள் கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து அரசர்கள். சூளாமணிவர்மனின் பெயரால் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டியது அது. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைத் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், நிபந்தமாக, அதாவது நிரந்தர தானமாகக் கொடுத்தவர் ராஜராஜ சோழர். கதையில் வரும் இளவரசர் அருள்மொழிவர்மர்தான் பின்னாளில் இந்த ராஜராஜர். அந்தச் செப்பேடு ஹாலந்துக்குப் போய் லெய்டன் நகரத்தில் இருந்ததால் அதற்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர் வந்துவிட்டது. கதை நடப்பதோ அவருடைய தந்தை சுந்தர சோழர் காலத்தில், ஏறத்தாழ நாற்பது வருஷம் முந்தி. எந்த ஊரைப் பிற்காலத்தில் விகாரத்துக்குக் கொடுக்கப்போகிறாரோ, அந்த ஊர்ப் பக்கத்திலேயே, அந்த விகாரத்தின் நிழலிலேயே, இருபது வயதுச் சொச்சம் இளவரசனாக அவரைப் படுக்கவைத்து உயிர் பிழைக்க வைத்திருக்கிறார் கல்கி. அடேயப்பா! இதைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயங்களை மறுபடி படித்தபோது இரண்டு மடங்கு பிடித்தது. பிற்காலத்துத் தானத்துக்கு ஒரு காரணத்தையே கதையாகச் செய்து கொடுத்திருக்கிறார். இந்த நாற்பது வருஷக் கணக்கு உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். திருப்புறம்பியத்தில் பள்ளிப்படை (இறந்த அரசர் நினைவாக எழுப்பிய கோயில்) இருக்கும் காட்டில் நள்ளிரவில் கூடும் சதிகாரர்களில் மந்திரவாதி ரவிதாசன் ஒருவன். ஆந்தை மாதிரிக் கத்துவான், மந்திரம் மாயம் என்று பயமுறுத்துவான். அவனைக் கதைக்காக உண்டாக்கிய ஆள் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ரவிதாசன் நிஜமாக இருந்தவன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் அவன் பெயர் வெட்டியிருக்கிறது. கூடவே சோமன், பரமேஸ்வரன். ராஜராஜரின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. இந்தத் துரோகிகள், அவர்களுடைய உறவினர்களின் நிலத்தையெல்லாம் பறிமுதல் செய்தது பற்றிச் சொல்கிறது. காட்டுமன்னார்கோயில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: வீராணம் ஏரிக்குப் பக்கத்தில். முதல் அத்தியாயத்தில் ஆடிப் பெருக்கன்று கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்து எழுபத்து நான்கு கணவாயையும் (மதகுகளையும்) பார்த்து வியந்து நிற்கிறானே, அதே ஏரி. கதை சிரிப்பும் கும்மாளமுமாகத் தொடங்குகிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இந்தக் கல்வெட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுபக்கம், பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவியாக வரும் நந்தினி. அவள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. படகோட்டிப் பெண் பூங்குழலியும் வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானும் அப்படியே. பழுவேட்டரையர்கள் இன்றைய அரியலூர்ப் பக்கத்துப் பழுவூரை ஆண்ட உண்மையான குறுநில மரபு. சுந்தர சோழரின் அமைச்சர் அநிருத்தப் பிரமராயருக்கு அன்பில் செப்பேடு சாட்சி. உண்மையான மரபில் வந்த, உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய ஒரு கிழவரை, முழுக்க முழுக்கக் கற்பனையான ஒரு பெண் விரல் நுனியில் ஆட்டிவைக்கிறாள், நாமும் நம்பிவிடுகிறோம். முதல் பாகத்தில் பெரிய பழுவேட்டரையர் மேல் வந்த கோபம் எனக்கு இப்போது சுத்தமாகப் போய்விட்டது, பரிதாபம்தான் மிஞ்சியிருக்கிறது. கல்கியின் திறமை எங்கே இருக்கிறது என்று புதிய வாசகருக்குப் புரிய, எந்தப் பாத்திரம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்.

ஐந்தாம் பாகத்தின் இறுதியில் கல்கியே முடிவுரை எழுதியிருப்பதைப் பொருளடக்கத்தில் பார்த்தேன். நல்லது. ஆனால் அதற்கு முன்னால் 293 அத்தியாயங்கள் இருக்கின்றன. 1950-இல் பத்திரிகையில் தொடராகப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு வார இடைவெளி இருந்தது. பேசிக்கொள்ள, விசாரிக்க நேரம் இருந்தது. 2022-இல் படம் வந்த பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்த இளைஞர்கள் ஒரே மூச்சில் போகிறார்கள். அவர்களில் பலருக்குப் பழையாறை எங்கே, கோடிக்கரை எங்கே, வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து ஈழம் வரை எந்த வழியாகப் போனான் என்று கண்ணில் காட்ட ஒரு படம் வேண்டும். கதையே பாதி பயணம்தானே.

குறிப்பு பாகத்தின் கடைசியில்தான் வர வேண்டும், தயவுசெய்து முன்னால் போடாதீர்கள். என்னிடம் இருக்கும் பதிப்பின் முன்னுரையில், ஒரு பாத்திரத்துக்கு ஐந்தாம் பாகத்தில் என்ன ஆகிறது என்று இரண்டாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். முதல் பாகத்திலிருந்து அந்த ஆள் வரும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வந்து உறுத்துகிறது. புதிதாகப் படிக்க வருகிறவரிடமிருந்து அதைப் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது. மூன்றாம் பாகத்தின் குறிப்பில் மூன்றாம் பாகம் வரை நடந்தது மட்டும் இருக்கட்டும். உடையார்குடிக் கல்வெட்டிலேயே எந்தக் குற்றத்துக்காக நிலம் பறித்தார்கள் என்பதை நான் இந்த மடலில் எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யாரும் அச்சிடலாம், அதனால் மலிவாகக் கிடைக்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் மலிவு என்பதற்காக ஒருவர் பேச்சு முடியும் முன் அடுத்தவர் பேச்சு அதே பத்தியில் ஒட்டிக்கொண்டு வருவதும், மேற்கோள் குறி விழுந்துபோவதும் சரியில்லை. தொடர் வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த ஓவியங்களில் ஒன்றாவது பாகத்துக்கு ஒன்று என்று, முறையாக அனுமதி வாங்கிச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை. குறிப்பும் வரைபடமும்தான் முக்கியம்.

செலவு பெரிதாக ஆகாது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் தஞ்சையிலும் குடந்தையிலும் இருக்கிறார்கள். கேட்டால் சந்தோஷமாக எழுதித் தருவார்கள். பாகத்துக்குப் பத்து இருபது ரூபாய் விலை கூடினாலும் வாசகர்கள் கொடுப்பார்கள். நான் இந்த ஐந்தையும் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அப்படி ஒரு பதிப்பு வந்தால் மறுபடியும் ஐந்தையும் வாங்கி, இவற்றை எங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
'மணிமகுடம்' தொடங்கப்போகும் ஒரு வாசகி