அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி நன்றாக ஆடியது. பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். மழைக்கு ஒழுகிய கணினி அறைக் கூரையையும் சரிசெய்துவிட்டோம். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பு வரலாற்று புராஜெக்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கி.பி. 476 என்ற ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அப்போது உலகில் எங்கெங்கே என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் சொந்தக் கையெழுத்தில் எழுதிவரச் சொல்லியிருந்தோம். வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிய சார்ட்டுகள். படம் ஒன்றே, வாசகமும் ஒன்றே: '476இல் ரோமப் பேரரசு அழிந்தது.' ஒரு சார்ட்டில் இந்த வரி தங்க நிற எழுத்தில் மின்னியது. அதைக் கொண்டுவந்த பையனிடம், "அப்படியென்றால் அதே ஆண்டு ஆகஸ்டில் கான்ஸ்டான்டினோபிளுக்குத் திரும்பி வந்து ஜீனோ உட்கார்ந்தது எந்த அரியணை?" என்று ஆசிரியை கேட்டார். பையன் சார்ட்டைப் பார்த்தான், ஆசிரியையைப் பார்த்தான், பேசாமல் நின்றான். மதிப்பெண் குறைந்தது. மறுநாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது, "நெட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று.

நெட்டில் இருப்பது முழுப் பொய் இல்லை. செப்டம்பர் 4 அன்று இத்தாலியின் ரவென்னாவில், மேற்கு ரோமப் பேரரசனாக இருந்த சிறுவன் ரோமுலஸ் பதவியிலிருந்து இறக்கப்பட்டது உண்மை. ஆனால் கிழக்கே, கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட ரோமப் பேரரசு 1453 வரை நின்றது. மேற்கிலேயேகூட, ரோமுலஸுக்கு முன் விரட்டப்பட்ட ஜூலியஸ் நெப்போஸ் டால்மேஷியாவில் உட்கார்ந்துகொண்டு 480 வரை தன்னைப் பேரரசராகவே சொல்லிக்கொண்டார். கிழக்கை ஆண்ட பேரரசர் ஜீனோவின் கதை இன்னும் கொடுமை. தன்னைத் துரத்திவிட்டு அரியணையைப் பிடித்த பசிலிஸ்கஸிடம் 'ரத்தம் சிந்த மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தார், அதை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றவும் செய்தார். பசிலிஸ்கஸைக் குடும்பத்தோடு கப்படோக்கியாவுக்கு அனுப்பிப் பட்டினி போட்டே கொன்றார்கள். இதையெல்லாம் பிள்ளைகளே தேடிப் படித்திருந்தால் வகுப்பில் எப்படிப்பட்ட விவாதம் நடந்திருக்கும்!

ஒரு மாணவி மட்டும் கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தலோடு எழுதியிருந்தாள். கலியுகத்தில் அறுபது முறை அறுபது ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு வயது 23 என்று ஆரியபட்டர் எழுதியிருப்பதை எங்கோ படித்திருக்கிறாள். கலி தொடங்கியது கி.மு. 3102. அதிலிருந்து 3600 ஆண்டு தள்ளி 498 என்று போட்டு, 23ஐக் கழித்தால் 475 வருகிறது. ஓர் ஆண்டு இடிக்கிறதே என்று கணக்கு சாரிடம் ஓடினாள். கி.மு. 1க்கு அடுத்து நேராகக் கி.பி. 1தான், நடுவில் பூஜ்யம் என்றோர் ஆண்டு கிடையாது என்று அவர் சொன்னார். 498ஐ அடித்து 499 என்று எழுதினாள். ஆரியபட்டர் பிறந்த ஆண்டு 476 என்று சரியாக வந்து நின்றது. அந்த அடித்தலுக்காகவே முழு மதிப்பெண் கொடுத்தோம்.

இன்னொரு மாணவன் ரோமுலஸின் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தான். படைத்தலைவர் ஒரெஸ்டஸ் தான் முடிசூடாமல் 475 அக்டோபர் 31 அன்று மகனை அரியணையில் ஏற்றினார். காசில் மகன் பெயர், முடிவெல்லாம் அப்பாவுடையது. படைவீரர்கள் இத்தாலிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள், அப்பா மறுத்தார். 476 ஆகஸ்ட் 23 அன்று அவர்கள் தங்கள் தலைவர்களில் ஒருவரான ஒடோவாக்கரை மன்னராக்கினார்கள். 28ஆம் தேதி பியாசென்சாவில் ஒரெஸ்டஸ் கொல்லப்பட்டார். பையனின் வயதைப் பார்த்து இரங்கிய ஒடோவாக்கர், ஆண்டுக்கு 6,000 பொற்காசு கொடுத்து அவனைத் தெற்கு இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்பிவிட்டார். பையனுக்கு ஊர் வைத்த பெயர் 'அகஸ்டுலஸ்', அதாவது குட்டி அகஸ்டஸ். 'எல்லாத்தையும் அப்பாவே செஞ்சா பையனுக்கு என்ன தெரியும்?' என்று கடைசி வரியில் கேட்டிருந்தான். நான் அதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி அச்சிட்ட புராஜெக்ட் எதையும் வாங்க மாட்டோம். பிரவுசிங் சென்டரில் செய்து வாங்கியது என்று தெரிந்தால் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள். வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகள் பார்க்க ஆசிரியையிடம் குரல் உயர்த்துவது இந்தப் பள்ளியில் நடக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி வந்த பதிவுகளையும் நீக்கிவிடுங்கள்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பி, "நாளைக்கே கொடுக்கணும்" என்று பிள்ளை கண்கலங்கினால் யார்தான் கத்தரிக்கோலை எடுக்க மாட்டார்கள்? நானும் என் மகளுக்குத் தெர்மாக்கோலில் எரிமலை செய்து கொடுத்தவன்தான். எரிமலைக்கு முதல் பரிசு கிடைத்தது. அது ஏன் புகைந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. முந்தைய நாள் இரவில்தான் உங்களுக்குச் செய்தி வருகிறது என்றால் அது எங்கள் பக்கத்துத் தவறு. அடுத்த முறை மூன்று வாரம் முன்னதாகவே டைரியில் எழுதி அனுப்புகிறோம்.

விரும்பும் பிள்ளைகள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மறுபடியும் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பக்கம், நீலப் பேனா, பிழை இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், பேனாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஆண்டு முழுக்க நீங்கள் தரும் ஒத்துழைப்புக்கு ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: தங்க எழுத்து சார்ட் அலுவலக அறையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டிலிருந்து யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம்.