கன்சல்டன்ட் பயிற்சிக்கு வெளியே இருக்கும் டாக்டர்களுக்கும் வளர வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக்கு டாக்டராகப் போவது பற்றித் தமிழில் நிறையவே எழுதுகிறார்கள். வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, இங்கிலாந்தின் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யில் எப்படிப் பதிவு செய்வது, விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எல்லாம் கிடைக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு அந்த டாக்டர் என்ன ஆகிறார் என்பதைத்தான் யாரும் எழுதக் காணோம். நான் இங்கே ஒரு மாவட்ட அளவிலான என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில், மயக்க மருந்துப் பிரிவில், பல வருடங்களாக ஸ்பெஷாலிட்டி டாக்டராக இருக்கிறேன். துறையின் உச்சப் பதவியான கன்சல்டன்ட் இல்லை, கன்சல்டன்ட் ஆவதற்கான பயிற்சியிலும் இல்லை. என்னைப் போல இருப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகவும் இனிமேல் வரப்போகிறவர்களுக்காகவும்தான் இந்தக் கடிதம்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர் இரண்டு வருட ஃபவுண்டேஷன் என்ற அடிப்படைப் பயிற்சி முடித்து, அப்புறம் போட்டியில் ஜெயித்து ஸ்பெஷாலிட்டி பயிற்சிக்குள் போக வேண்டும். மயக்கவியலில் அந்தப் பயிற்சி 7 வருடம். முடித்தால் சான்றிதழ், ஜி.எம்.சி.யின் ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் பெயர், அதன் பிறகு கன்சல்டன்ட் வேலை. இந்த வரிசைக்கு வெளியே இரண்டு வகை டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒரு வகை எஸ்.ஏ.எஸ். என்று சொல்லப்படும் ஸ்பெஷாலிட்டி டாக்டர்கள், அசோசியேட் ஸ்பெஷலிஸ்டுகள், ஸ்பெஷலிஸ்டுகள். இவர்களுக்கு நாடு தழுவிய ஒப்பந்தம் உண்டு. இன்னொரு வகை, ரோட்டாவில், அதாவது டியூட்டி பட்டியலில், ஆள் போதவில்லை என்று மருத்துவமனை தானே எடுத்துக்கொள்கிறவர்கள். ட்ரஸ்ட் கிரேடு, கிளினிக்கல் ஃபெல்லோ என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும், ஒப்பந்தமும் மாறும், பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். வெளிநாட்டிலிருந்து வருகிற பலருக்கு முதல் வேலை இதுதான்.

நம்மவர்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2006-ல் குடியேற்ற விதி ஒரே நாளில் மாறியது. அதுவரை வொர்க் பர்மிட் இல்லாமலே பயிற்சியில் சேர முடிந்த இந்திய, இலங்கை டாக்டர்கள் திடீரென்று வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டு, 2008-ல், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், சுகாதாரத் துறை அனுப்பிய வழிகாட்டுதல் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பும் வாங்கியது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் எத்தனையோ பேர் கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள், குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இப்போது நிலைமை வேறு மாதிரி இறுகுகிறது. 2025-ல் சுமார் 10,000 பயிற்சி இடங்களுக்கு 30,000 பேருக்கு மேல் போட்டி. அதே வருடம் ஜூலையில் வந்த அரசின் பத்தாண்டுத் திட்டம், இந்த நாட்டில் படித்தவர்களுக்கும் என்.எச்.எஸ்.ஸில் கணிசமான காலம் வேலை செய்தவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்கிறது. இங்கே படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதன் விளைவு என்ன? புதிதாக வருகிற டாக்டர்களில் இன்னும் அதிகம் பேர் பயிற்சிக்கு வெளியேதான் வருடக்கணக்கில் வேலை செய்யப்போகிறார்கள். அப்படியென்றால் வெளியே இருக்கிற அந்த வேலை வளரக்கூடிய வேலையாக இருந்தாக வேண்டும் அல்லவா? இன்று அது பல இடங்களில் அப்படி இல்லை.

முதலில் நேரம். இங்கே டாக்டரின் வேலை வாரத்தை நான்கு மணி நேரத் துண்டுகளாக ஜாப் பிளானில் எழுதுவார்கள், அதற்குப் பி.ஏ. என்று பெயர், முழு நேரம் என்றால் பத்து. அதில் நோயாளி இல்லாமல் படிக்க, ஆடிட் (சிகிச்சையின் தரத்தைச் சரிபார்ப்பது) செய்ய, ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, வருடாந்தர மதிப்பீடான அப்ரைசலுக்குத் தயாராக என்று ஒதுக்குவது எஸ்.பி.ஏ. ஸ்பெஷாலிட்டி டாக்டருக்குக் குறைந்தபட்சம் ஒன்று என்கிறது ஒப்பந்தம். குறைந்தபட்சம் என்று எழுதியிருப்பதைப் பல மருத்துவமனைகள் அதிகபட்சம் என்றே வைத்துக்கொள்கின்றன. அந்த ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஆள் இல்லை, இன்றைக்கு மட்டும் இந்த ஆபரேஷன் லிஸ்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று காலை ஏழரைக்கு ஒரு போன் வரும். பயிற்சியில் இருப்பவருக்கு அன்று வகுப்பு, அவரைத் தொடக் கூடாது. தொட்டால் பயிற்சியை நடத்தும் டீனரி கேள்வி கேட்கும். கன்சல்டன்டுக்கு அன்று மீட்டிங். மிச்சம் இருப்பது நாம்தான். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டோம், நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது நம் படிப்பைப் பற்றி யார் பேசுவார்? அதுவே ஒவ்வொரு மாதமும் நடந்தால் வருடக் கடைசியில் அப்ரைசல் படிவத்தில் எழுத ஒன்றும் இருக்காது. எழுத ஒன்றும் இல்லாதவருக்கு அடுத்த பொறுப்பை எதை வைத்துத் தருவார்கள்?

2012 டிசம்பரிலிருந்து இங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, டாக்டராகத் தொடரத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் ரீவேலிடேஷன் இருக்கிறது. ஜி.எம்.சி.க்கு கன்சல்டன்டும் ஒன்றுதான், ஸ்பெஷாலிட்டி டாக்டரும் ஒன்றுதான்; ஆடிட் காட்டு, படித்ததைக் காட்டு, சக ஊழியர்களும் நோயாளிகளும் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று காட்டு என்று இருவரிடமும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. கேட்பது ஒன்றாக இருக்கும்போது அதற்குக் கொடுக்கிற நேரம் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசப்பட வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. ரோட்டாவும் மாறியதில்லை.

பயிற்சிக்குப் போகாமலே ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் சேர ஒரு வழி இருக்கிறது. முன்பு சீசர் என்றார்கள், இப்போது போர்ட்ஃபோலியோ பாதை. 2023 நவம்பர் கடைசியில் அளவுகோலை மாற்றினார்கள். அதற்கு முன் பயிற்சியை முடித்தவருக்குச் சமமானவர் என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது இந்த நாட்டில் ஸ்பெஷலிஸ்டாக வேலை செய்யத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் இருக்கிறது என்று காட்டினால் போதும். நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆதாரங்களைச் சேர்க்கும் வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். எத்தனை கேஸ் செய்தோம் என்ற லாக்புக், வேலையிடத்தில் செய்த மதிப்பீடுகள், ஆடிட், எழுதிய கடிதங்கள், மயக்க மருந்துச் சார்ட்டுகள் என்று நூற்றுக்கணக்கான பக்கம் சேரும். ஒவ்வொரு பக்கத்திலும் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் மூன்றையும் அழிக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் திரும்பி வரும். இது உண்மைதான் என்று கன்சல்டன்ட் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் வேலை செய்த காலத்தையும் காட்ட வேண்டும் என்றால் அங்கிருக்கும் மருத்துவமனையின் முத்திரை வேண்டும்; அந்தத் துறைத் தலைவர் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியிருக்கும். இதெல்லாம் பெரும்பாலும் நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்த பிறகு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 1,500 பவுண்டுக்கும் மேல், அதுவும் நம் கையிலிருந்து.

காகிதத்தைக்கூட ராத்திரி முழித்துச் சேர்த்துவிடலாம். சேர்க்கவே முடியாதது அனுபவம். மயக்கவியலில் இதயம், மூளை அறுவைச் சிகிச்சைகளிலும் சின்னக் குழந்தைகளிடமும் வேலை செய்த ஆதாரம் வேண்டும். நான் இருப்பது போன்ற மாவட்ட மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை கிடையாது, நியூரோ கிடையாது. பயிற்சியில் இருப்பவரை அவர் கேட்காமலேயே பெரிய மருத்துவமனைக்குச் சில மாதங்கள் மாற்றி அனுப்புகிறார்கள், அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். நாம் போக வேண்டும் என்றால் அந்தப் பெரிய மருத்துவமனை சம்மதிக்க வேண்டும், நம் மருத்துவமனை விட வேண்டும், நம் ரோட்டாவை யார் நிரப்புவது, நம் சம்பளத்தை யார் தருவது என்ற கேள்விகளுக்கு இரண்டு நிர்வாகங்களும் ஒத்துப்போக வேண்டும். எனக்குத் தெரிந்து நல்ல கை உள்ள, சிக்கலான மூச்சுக்குழாய் கேஸ் என்றால் கன்சல்டன்டுகளே கூப்பிடுகிற ஒருவர், இந்த மூன்று மாத மாற்றல் கிடைக்காமலே பாதியில் நின்றுவிட்டார். பயிற்சித் திட்டம் சுழலும்போது அதில் ஒன்றிரண்டு இடத்தை எஸ்.ஏ.எஸ். டாக்டர்களுக்கு என்று வைத்தால் இது தீரும். பிராந்திய அளவில் யாராவது பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

கன்சல்டன்ட் ஆவது மட்டுமே முன்னேற்றம் என்று நான் சொல்லவில்லை. சிலர் தெரிந்தேதான் இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வருடா வருடம் ஊர் மாற வேண்டாம், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கலாம், நோயாளியோடு இருக்கும் நேரம் அதிகம். அது மதிப்பான முடிவு. அவர்களுக்கும் மேலே போக ஒரு படி வேண்டும். முன்பு அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் என்று இருந்தது. அனுபவத்தைக் காட்டி, இருக்கிற வேலையிலேயே அதற்கு உயர முடிந்தது. 2008-ல் வந்த ஒப்பந்தத்தோடு அந்தக் கதவை மூடினார்கள். இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில்தான் ஸ்பெஷலிஸ்ட் என்ற புதிய பதவி வந்தது. டாக்டராகி 12 வருடம், அதில் அந்தத் துறையில் எஸ்.ஏ.எஸ். பதவியில் 6 வருடம் என்று தகுதி வைத்தார்கள். இடையில் இருந்த காலத்தில் மேலே ஏற வழியே இல்லாமல் ஒரு தலைமுறை டாக்டர்கள் அப்படியே நரைத்துப்போனார்கள். சரி, பதவி வந்தது, தகுதியும் இருக்கிறது, கிடைக்குமா என்றால் மருத்துவமனை நினைத்து அந்த இடத்தை உருவாக்கி விளம்பரம் செய்தால்தான் உண்டு. தகுதி வந்ததும் தானாக உயர்வு கிடையாது. சில மருத்துவமனைகள் அருமையாகச் செய்கின்றன. சில இடங்களில் அந்த வேலையை ஏற்கெனவே நீங்கள் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள், எதற்குப் புதிய பதவி என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுச் செய்கிறார் என்றால் அதற்குரிய பதவியையும் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று: நாம் தனியாகப் பார்த்து, தனியாக முடிவெடுத்த நோயாளியும் கணினியில் கன்சல்டன்ட் பெயரில்தான் ஏறுகிறார். பிறகு நம் வேலைக்குக் கணக்கு எங்கே இருக்கும்?

2014-ல் இங்கிலாந்துக்கு ஒரு எஸ்.ஏ.எஸ். சாசனம் வந்தது, டாக்டர்களின் சங்கமான பி.எம்.ஏ., மருத்துவமனை நிர்வாகங்களின் சார்பான என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து அதைக் கொண்டுவந்தார்கள். நேரம், மேற்பார்வை, வளர்ச்சி எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. பல மருத்துவமனைகளில் நம் படிப்பு, வளர்ச்சியைக் கவனிக்க எஸ்.ஏ.எஸ். டியூட்டர் என்று ஒருவர் இருக்கிறார், 2021 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் நலனுக்காகப் பேச எஸ்.ஏ.எஸ். அட்வகேட் என்ற பொறுப்பும் வந்திருக்கிறது. இதை நம்மவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அப்ரைசர் ஆகலாம், பயிற்சி மேற்பார்வையாளர் ஆகலாம், கிளினிக்கல் லீட் ஆகலாம். எதற்கும் கன்சல்டன்ட் என்ற பட்டம் கட்டாயம் இல்லை. நம்மில் பலர் கேட்பதே இல்லை. விசா, வீடு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது வாயைத் திறக்கத் தயக்கம் வருவது எனக்குப் புரிகிறது. அதனாலேயே தனித்தனியாகக் கேட்காமல் ஒரு துறையில் இருக்கும் எஸ்.ஏ.எஸ். டாக்டர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. எங்கள் துறையில் எஸ்.பி.ஏ. நேரத்தைத் தியேட்டர் லிஸ்டுக்கு எடுத்தால் அதே மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இப்படித்தான் எழுதி வாங்கினோம்.

இனி வருகிறவர்களுக்கு. கிளினிக்கல் ஃபெல்லோ வேலை கிடைத்தது என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், உடனே கையெழுத்துப் போடத் தோன்றும். போடுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். எனக்கு எஜுகேஷனல் சூப்பர்வைசர் யார், அவர் பெயர் என்ன? பயிற்சியில் இருப்பவர்களின் வகுப்புக்கு நானும் போகலாமா, அந்த நேரத்தில் என் பிளீப்பை (டியூட்டி அழைப்பு வரும் பேஜரை) யார் வாங்கிக்கொள்வார்கள்? படிப்பு விடுப்பும் அதற்கான பணமும் எவ்வளவு? எஸ்.ஏ.எஸ். ஒப்பந்தத்தில் மூன்று வருடத்துக்கு 30 நாள் என்று இருக்கிறது, ட்ரஸ்ட் வேலையில் எழுதினால்தான் உண்டு. இதற்கு முன் இதே வேலையில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறினால் உஷாராக இருங்கள். ஒரே முதலாளியிடம் ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி நான்கு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த காரணம் காட்டாவிட்டால், நிரந்தர ஊழியராகவே கருத வேண்டும் என்று 2002-ன் விதி சொல்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருட முதுநிலை அனுபவம், அதில் இரண்டு வருடம் அந்தத் துறையிலேயே இருந்தால் ஸ்பெஷாலிட்டி டாக்டர் வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிடும். அதற்கு மேலும் வருடா வருடம் ஃபெல்லோவாகவே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

லாக்புக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அங்கு செய்த வேலைக்கு முத்திரையோடு கடிதம் வாங்கி வையுங்கள். இண்டர்வியூவில் வாயால் சொல்கிற எதையும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜாப் பிளானில் ஏறாத வாக்குறுதியை அடுத்து வருகிற மேனேஜர் கேட்டுக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
மயக்கவியல் ஸ்பெஷாலிட்டி டாக்டர் ஒருவர்,
இங்கிலாந்து.